பழைய ஸ்லாட் கார் புது டிராக்கில் ஓடும்

"1970-களின் ஸ்லாட் காரைப் புது டிராக்கில் வைத்தால் மோட்டார் எரிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள் (ஸ்லாட் கார் என்றால் டிராக்கின் பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மைக் கார்). இதை நம்பி யாரும் நல்ல கார்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. நீங்கள் சொல்வது டிஜிட்டல் டிராக்குக்குத்தான் பொருந்தும். அங்கே தண்டவாளத்தில், அதாவது பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளில், மின்சாரம் எப்போதும் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது காருக்குள் இருக்கும் சிப். சிப் இல்லாத காரை அங்கே கட்டுப்படுத்த முடியாது, மோட்டாரும் சூடேறலாம்.

சாதாரண அனலாக் டிராக்கில் கையில் இருக்கும் கன்ட்ரோலரே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும், அதனால் அந்தச் சிக்கலே இல்லை. ஸ்லாட் கார் தயாரிக்கும் ஸ்கேலக்ஸ்ட்ரிக் நிறுவனத்தின் பழைய கிளாசிக் டிராக்கையும் இப்போதைய ஸ்போர்ட் டிராக்கையும் இணைக்கவே தனித் துண்டு உண்டு. (1957-இல் வந்த தகரக் கார்கள் மட்டும் விலக்கு, அவை மின்சாரம் எடுக்கும் முறையே வேறு.)

கார் திக்கித் திக்கி ஓடினால் முதலில் அடியில், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னலைப் பாருங்கள். கறுத்து, தட்டையாகி, தண்டவாளத்தைத் தொடாமல் கிடக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, இழைகளைப் பிரித்து, நுனியை லேசாகக் கீழே வளைத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு டயரை நகத்தால் அழுத்துங்கள். அமுங்கவில்லை என்றால் ரப்பர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும். அந்தக் காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் காரை டிராக்கோடு இழுத்துப் பிடிக்கும் காந்தம் கிடையாது, அதனால் வளைவில் வால் வீசும். அது பழுதல்ல, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.