எத்தனை நிமிடம் ஆட விட்டார்கள்?

கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங் பமாரா பற்றிப் பேச்சு வந்தால் இரண்டில் ஒன்றுதான் காதில் விழுகிறது. ஒன்று, "என்.பி.ஏ. கதவைத் தட்டிய நம்ம ஊர்ப் பையன்" என்ற பெருமை (என்.பி.ஏ. என்றால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்). இன்னொன்று, "உயரம் இருந்தது, ஆட்டம் இல்லை" என்ற உச்சுக்கொட்டல். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பையனுக்கு நடந்ததை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்திருந்தால் நம் பள்ளிப் பிள்ளைகளை இப்படி நடத்திக்கொண்டிருக்க மாட்டோம்.

பஞ்சாபில் பல்லோ கே என்று ஒரு சின்னக் கிராமம். விவசாயக் குடும்பம். அப்பா பல்பீர் சிங்கும் ஏழடியைத் தாண்டியவர். அவரையும் சிறுவயதில் கூடைப்பந்து ஆடச் சொன்னார்களாம், வீட்டில் வயலைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைக்கட்டும் என்று அவர் லூதியானா அகாடமியில் கொண்டுபோய் விட்டார். அங்கே கோச் சங்கரன் சுப்ரமணியன். பஞ்சாபின் உயரமான பையன்களை வைத்து இந்திய அணிக்கே ஆள் தயாரித்துக் கொடுத்த இடம் அது. 2010ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையில் போன இந்தியப் பிள்ளைகளில் சத்னாமும் ஒருவர். வயது 14. ஆங்கிலம் கிட்டத்தட்டத் தெரியாது. புது நாடு, புது மொழி, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பயிற்சி. அந்த வயதில் ஒரு பையன் அதைத் தாங்கினான் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

2015 ஜூன் 25ஆம் தேதி புரூக்ளினில் நடந்த டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் நிகழ்ச்சியில், டல்லாஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். கல்லூரி அணியில் ஆடியதில்லை, வேறு எந்தத் தொழில்முறை லீகிலும் ஆடியதில்லை, பள்ளியிலிருந்து நேராக அங்கே. நம் ஊரில் எல்லாப் பத்திரிகையிலும் படம். சரி, கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் அன்றைக்கு யாருமே எடுத்துச் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு உத்தரவாதமான ஒப்பந்தம் கிடையாது. உரிமை அணியிடம் இருக்கும், இடம் இருக்காது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் என்.பி.ஏ.வுக்குக் கீழே இருக்கும் டி-லீகில், டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இருந்தார். ஆடிய ஆட்டங்களிலும் சராசரியாகப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பல இரவுகள் உடை மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி. என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். அப்புறம் இந்தியாவில் கொஞ்சம், கனடாவில் கொஞ்சம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டுத் தடை. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார்.

19 வயதில் ஒரு பையனுக்கு என்ன தேவை? என் பதில் ஒன்றுதான்: ஆட்ட நிமிடங்கள். அதிலும் தப்பு செய்தாலும் உடனே வெளியே இழுக்காத நிமிடங்கள்.

பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குப் போனவர்களின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1995ல் மின்னசோட்டா அணி கெவின் கார்னெட்டை எடுத்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக யாரும் அப்படிப் பள்ளியிலிருந்து நேராக எடுக்கப்பட்டதில்லை. முதல் சீசனின் நடுவிலேயே ஃப்ளிப் சாண்டர்ஸ் கோச்சாக வந்தார், கார்னெட்டைத் தொடக்க ஐவரில் போட்டார். அந்த அணி அப்போது தோற்றுக்கொண்டிருந்த அணி. அதனால்தான் பையனுக்கு இடம் கிடைத்தது. நல்ல அணிக்குப் போயிருந்தால் முதல் வருடம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

கோபி பிரயன்ட் கதை இன்னும் நன்றாகப் புரியவைக்கும். 1997 மே மாதம், அவருடைய லேக்கர்ஸ் அணிக்கு யூட்டா அணியோடு ப்ளேஆஃப் (சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள்), ஐந்தாவது ஆட்டம். அணியின் பெரிய நட்சத்திரம் ஷாக் ஃபவுல் வரம்பைத் தாண்டி வெளியே போய்விட்டார். கோபிக்கு 18 வயது, முதல் சீசன். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு ஷாட், வளையத்தைக்கூடத் தொடவில்லை. ஓவர்டைமில் மேலும் மூன்று, அதே கதி. மொத்தம் நான்கு ஏர்பால், ஊரே பார்க்க, எதிரணி மைதானத்தில். லேக்கர்ஸ் அன்றோடு வெளியேறியது. முதல் ஏர்பாலுக்கே கோச் டெல் ஹாரிஸ் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான்காவதையும் எறிய விட்டார். மற்றவர்கள் இதைக் கோபியின் தைரியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அந்தக் கோச்சின் பொறுமைக்கு உதாரணமாகத்தான் சொல்வேன்.

ஜெர்மெய்ன் ஓ'நீல், கோபி எடுக்கப்பட்ட அதே 1996 டிராஃப்டில் பள்ளியிலிருந்து வந்தவர். போர்ட்லாண்ட் அணியில் அவர் ஆடும் இடத்தில் அனுபவசாலிகள் வரிசையாக நின்றார்கள். நான்கு ஆண்டுகள், ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். "இவன் தேறமாட்டான்" என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். 2000ல் இண்டியானாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே போன முதல் சீசனிலேயே முப்பது நிமிடத்துக்கு மேல் ஆட விட்டார்கள். 2002 தொடங்கி தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஆல்-ஸ்டார், அதாவது அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு. அதே கை, அதே கால், அதே உயரம். ஒரே கோடை விடுமுறையில் ஆட்டம் கற்றுக்கொண்டாரா என்ன?

எல்லாருக்கும் நிமிடம் கொடுத்தால் எல்லாரும் கோபி ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. 2001ல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்ட குவாமே பிரவுன் இருக்கிறார். வாய்ப்பும் கிடைத்தது, திட்டும் கிடைத்தது, எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை. 1998ல் டெட்ராய்ட் எடுத்த கோர்லியோன் யங் மூன்றே ஆட்டங்களோடு என்.பி.ஏ.வை விட்டே போனார். அதே ஆண்டு, அதே இரண்டாம் சுற்றில், அதே மாதிரி பள்ளியிலிருந்து வந்த ரஷார்ட் லூயிஸ் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். யங்குக்குத் திறமை இல்லை என்று மூன்று ஆட்டத்தை வைத்து யார் சொல்ல முடியும்? ஆடிப் பார்த்துத் தோற்பது ஒன்று. ஆட விடாமலேயே தோற்றவன் என்று பெயர் வாங்குவது வேறு. சத்னாமுக்கு நடந்தது இரண்டாவது.

இப்படி நிறையப் பிள்ளைகள் நடுவில் காணாமல் போனதும் சேர்ந்துதான் 2005ல் விதி மாறியது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடிந்து ஒரு வருடமாவது கடந்திருக்க வேண்டும். அப்புறம் 2020ல் ஜி-லீக்கில் (பழைய டி-லீக்தான்) இக்னைட் என்று இளைஞர்களுக்கென்றே ஒரு அணி வைத்தார்கள். நம் பிரின்ஸ்பால் சிங் அதில் இருந்தார். அவரும் லூதியானா வழியாக வந்தவர்தான், டெல்லி பக்கத்தில் என்.பி.ஏ. நடத்திய அகாடமியில் தேறியவர். 2021ல் சம்மர் லீக் (புது ஆட்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைப் போட்டி) பட்டம் வென்ற சாக்ரமெண்டோ அணியிலும் அவர் பெயர் இருந்தது. அந்தச் செய்தியும் நம் ஊரில் நன்றாக ஓடியது. எத்தனை நிமிடம் ஆடினார் என்று ஒரு செய்தியாவது சொன்னதா? அங்கேயும் கொஞ்ச நேரம்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எனக்கு அமெரிக்கா மேல் கோபம் இல்லை. அவர்களுக்கு அவர்கள் அணி முக்கியம். என் ஆதங்கமெல்லாம், ஒரு பையன் 14 வயதுக்குள் இங்கே எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்பதில்தான். அமெரிக்காவில் ஒரு சாதாரணப் பள்ளி அணி ஒரு சீசனில் இருபது முப்பது ஆட்டம் ஆடும். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. நம் பள்ளி டோர்னமெண்டுகள் பெரும்பாலும் நாக்அவுட். கொஞ்சம் பெரிய போட்டி என்றால் "நாக்அவுட் கம் லீக்" என்று நோட்டீஸில் போடுவார்கள். அந்த லீக் கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும்தான். அதாவது ஏற்கெனவே நன்றாக ஆடுகிற பள்ளிக்குத்தான் கூடுதல் ஆட்டம். அதிகம் ஆட வேண்டியவன் காலையில் ஒரு ஆட்டம் தோற்று, மதியம் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறான். மாதக்கணக்கில் அதிகாலையில் எழுந்து பயிற்சி செய்தவனுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம், அதிலும் பெஞ்சில் இருக்கிறவனுக்கு அதுவும் இல்லை.

உயரமான பையன் கதை இன்னும் மோசம். ஆறாம் வகுப்பிலேயே வளர்ந்து நிற்கிறான் என்றால் பி.இ.டி. சார் கண்ணில் பட்டுவிடுவான். நேராக வளையத்துக்குக் கீழே நிறுத்துவார்கள். "கையைத் தூக்கு, பந்து வந்தால் பிடி, உடனே பாயிண்ட் கார்டுக்குக் கொடு." (பாயிண்ட் கார்ட் என்றால் பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்துகிறவன்.) பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போனால் விசில், திட்டு. தூரத்திலிருந்து ஷாட் எடுத்தால் மறுபடியும் திட்டு. ஸ்டேட் கேம்ப் வரைக்கும் அப்படியே போவான். அங்கே அவனைவிட உயரமானவர்கள் நான்கு பேர் நிற்பார்கள். அப்போது அவன் கையில் வேறு எந்த வித்தையும் இருக்காது. கார்னெட்டுக்கும் ஏழடிக்குப் பக்கமாக உயரம், ஆனால் பந்தைத் தரையில் வைத்துக் கொண்டுபோகத் தெரியும், பாஸ் கொடுக்கத் தெரியும், வெளியிலிருந்து ஷாட் எடுக்கத் தெரியும். பள்ளியில் அதையெல்லாம் செய்ய யாரோ விட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேலே போனால் நமக்குத் தொழில்முறை லீக் என்று நிலையாக எதுவும் இல்லை. 2015ல் யு.பி.ஏ. லீக் வந்தது, இரண்டு வருடம் கழித்து நின்றது. அதனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், அப்புறம் ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கி, போலீஸ், வருமான வரி என்று வேலை. அந்த வேலைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை அவை. தமிழ்நாட்டுக் கூடைப்பந்து இன்னும் மூச்சுவிடுகிறது என்றால் அந்த அலுவலக அணிகளால்தான். ஆனால் அங்கே இடங்கள் கொஞ்சம். இடம் கிடைக்காத 20 வயதுக்காரன் எங்கே போய் ஆடுவான்?

லீக் நடத்துவது பெரிய பணக்காரர்கள் பாடு, அது நம் கையில் இல்லை. பள்ளி டோர்னமெண்ட் நம் கையில் இருக்கிறது. எட்டு அணி நாக்அவுட் வைத்தால் மொத்தம் ஏழு ஆட்டம், நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு போய்விடும். அதே எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் வைத்தால், அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்துப் பதினைந்து. எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். நேரம் போதாது என்றால் ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளுக்கும் தலா ஆறு நிமிடம் என்று குறைத்துக்கொள்ளலாம், 14 வயதுக்குக் கீழே அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. இன்னொன்று: ஸ்கோர்ஷீட்டில் பெயர் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஆட்டத்தில் ஒரு கால் பகுதியாவது ஆடியே ஆக வேண்டும் என்று ஒரு விதி. கோப்பைக்காக ஐந்து பேரையே ஓடவிடுகிற கோச்சுகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பி.இ.டி. சார்கள், டீச்சர்கள், மாவட்டச் சங்கத்தில் இருப்பவர்கள் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். அடுத்த டோர்னமெண்ட் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இதை ஒருமுறை பேசிப் பாருங்கள். ஏற்கெனவே லீக் முறையில் நடத்துகிறவர்கள் இருந்தால், ரெஃப்ரி சம்பளத்தையும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் மலைத்து நிற்பது அந்த இடத்தில்தான்.