துருசு டிரம்மைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

எண்டோசல்பான் பூச்சிமருந்து என்றதும், அதன் தெளிப்பால் பலர் நோயுற்ற கேரளத்துக் காசர்கோட்டை நினைத்துக் கொதிக்கிறோம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது நியாயம்தான். ஆனால் வண்டன்மேடு, குமுளி பக்கத்து ஏலக்காடுகளில் துருசும் (மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்) தவளைக்கு ஆகாது என்று சொல்லிப் பாருங்கள். "அது இயற்கை மருந்தாச்சே" என்பார்கள்.

அழுகல் வராமலிருக்க மழை பிடிக்கும் முன் போர்டோ கலவை அடிக்கிறோம். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. தவளைகள் குட்டை தேடி வருவதும் அதே பருவத்தில்தான். வருடத்தில் சில நாட்களே மண்ணுக்கு மேலே வரும் பாதாளத் தவளைகூட, அந்த முதல் மழைகளை நம்பித்தான் ஓடையில் முட்டையிடுகிறது.

கணக்குப் போடுவோம். ஒரு கிலோ துருசில் செம்பு மட்டும் கால் கிலோ. அடித்தது போக மீந்த 10 லிட்டரை, படுதா விரித்துத் தண்ணீர் தேக்கிய 50,000 லிட்டர் குளத்தில் கொட்டினால் லிட்டருக்கு அரை மில்லிகிராம் செம்பு. நம் மலைத் தண்ணீர் மென்னீர். அதில் செம்பின் கடுமை கூடும். பல இனத் தலைப்பிரட்டைகளுக்கு இதைவிடக் குறைந்த அளவே எமன். சுண்ணாம்போடு சேர்ந்த செம்பு பெரும்பாலும் கரையாமல் அடியில் படிந்துவிடும் என்பது சரிதான். தலைப்பிரட்டை பாசி சுரண்டித் தின்பதும் அதே அடியில்தானே?

பழைய, காற்றுப்பட்ட சுண்ணாம்பு என்றால் இன்னும் மோசம். கரைந்த செம்பு அப்படியே மிஞ்சும். துடைத்த இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்புப் பால் போதவில்லை. இலை கருகாமலிருக்க வந்த சோதனை இது, ஓடைக்கும் உதவும்.

"செத்த தவளை எதுவும் மிதக்கலையே?" மிதக்காது. செத்த தலைப்பிரட்டை ஓரிரு நாளில் மக்கிவிடும். சாகாதது சோர்ந்து நீந்தித் தட்டான் புழுவுக்கு இரையாகும். வளர்ச்சி பிந்தியது, கால் முளைக்கும் முன்பே குட்டை வற்றிப் போகும். புதர்த்தவளைகளுக்கோ தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. இலையிலும் சருகிலும் இடும் முட்டைமேல் தெளிப்பு நேராக விழுகிறது.

இலைப்பேனுக்கு அடிக்கும் பூச்சிமருந்து பாட்டிலும் இதே கதைதான். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கும் டிரம்மிலேயே ஊற்றுங்கள். கலவை மீந்தால் விட்டுப்போன செடிகளுக்கு அடித்துத் தீர்க்கலாம். டிரம்மைக் குளத்து விளிம்பில் வைக்காதீர்கள். முக்கியமாக, தண்ணீர் பிடிக்கும் ஓஸ் முனையைக் கலவைக்குள் முக்காமல் ஒரு சாண் மேலே கட்டுங்கள். டிரம் மேட்டிலும் குளம் பள்ளத்திலும் இருந்தால், மோட்டார் நின்றதும் மருந்து அதே ஓஸ் வழியாகக் குளத்துக்கே திரும்பி இறங்கும்.