சத்து மாத்திரையும் கணக்கில் வரும்

“டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு மருந்தாளுநரிடம் கேட்க என்ன இருக்கிறது? சத்து மாத்திரையெல்லாம் எதனோடும் மோதாது” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவது கொஞ்சம் ஆபத்தான தவறு.

தைராய்டுக்குத் தரும் லெவோதைராக்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அது குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர்வது குறைந்துவிடும். நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தவறாமல் மாத்திரை போட்டும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கும் இதே கதைதான், இடைவெளிக் கணக்கு மட்டும் வேறு.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர் மூட்டுவலிக்கென்று தானாக இபுபுரோஃபென் வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு, நீங்கள் சொல்லாதவரை, இது எப்படித் தெரியும்?

புது மருந்து வாங்கும்போது, ஏற்கெனவே போடுகிற எல்லாவற்றையும், மூலிகைப் பொடி உட்பட, அட்டையோடு காட்டிக் கேளுங்கள். அப்புறம், மோதும் என்று தெரிந்தவுடன் பழைய மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல நேரம் போடும் நேரத்தை மாற்றினாலே போதும்.