விண்கலத்தில் மாமியார் மருமகள் சண்டையாம்

சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். வராதவர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டுப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், சுற்றுக்கு விட்டிருக்கிறீர்களே, அது எனக்கும் வந்து சேர்ந்தது. ஆறு குழுக்களிலிருந்து.

“இது அறிவியல் கதை இல்லைங்க. விண்கலத்துல நடக்குற மாமியார் மருமகள் சண்டை.”

ஒரு பெண் எழுதிய விண்வெளிக் கதையைப் பற்றி அண்ணன் சொன்னது இவ்வளவுதான். மண்டபமே சிரித்தது. பேர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பல வருடமாக இலக்கியத்துக்கு உழைத்தவர், என் முதல் தொகுப்பு வெளியீட்டுக்கு மழையில் நனைந்து வந்து உட்கார்ந்தவர், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கதையில் மாமியாரே இல்லை. மருமகளும் இல்லை. ஓர் அக்கா, ஒரு தங்கை. முழுதாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். பதினாலு பக்கம்தான் அண்ணே.

விண்வெளி நிலையத்தில் இருவரும் பொறியாளர்கள். பூமியில் அம்மா இறந்த செய்தி வருகிறது. மூன்று நாளில் முடிக்க வேண்டிய ஒரு பழுது வேலை இருப்பதால் அக்கா அதைத் தங்கையிடம் மறைத்துவிடுகிறாள். அதற்கப்புறம் தங்கை பேசுவதில்லை. மாற்று ஆள் வர இன்னும் நாலு மாதம். இதில் அறிவியல் எங்கே என்று அண்ணன் கேட்டார். தண்ணீர்ப் பையில் இருக்கிறது. சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் என்று எதையும் விடாமல் பிடித்துச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். அந்தப் பெண் கற்பனையாக எழுதவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதுதான் நடக்கிறது. தண்ணீரில் 98 விழுக்காடு வரை மீட்டுவிட்டோம் என்று 2023-ல் நாசா சொன்னது. ஆக, யாரோடு பேசுவதில்லை என்று தங்கை வைராக்கியமாக இருக்கிறாளோ, அவளுடைய வியர்வையைத்தான் காலையில் எழுந்ததும் குடிக்கிறாள். அக்கா யாருக்கும் தெரியாமல் அழுதிருந்தால் அதுவும் அந்தப் பையில்தான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு ஒருவருக்கு மாமியார் சீரியல் ஞாபகம் வருகிறது என்றால் நான் என்ன சொல்ல.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் சண்டை வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போகலாம். கீழே கடையில் ஒரு தே தாரேக் குடித்து, ஆறிப்போய்த் திரும்பி வரலாம். அறிவியல் கதை முதலில் செய்கிற வேலை அந்தக் கதவைப் பிடுங்குவது. ராக்கெட்டும் கிரகமும் அதற்குத்தான். வெளியே போக முடியாத இடத்தில் இரண்டு பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அத்தனை இரும்பும் எரிபொருளும்.

போலந்துக்காரர் ஸ்தனிஸ்லாவ் லெம் எழுதிய சோலாரிஸ் நாவல், 1961. ஒரு கிரகத்தையே மூடிக் கிடக்கும் கடல், அந்தக் கடலே ஒரு மூளை. அதை ஆராயப் போன கெல்வின் ஒரு நாள் கண் விழித்தால், பல வருடம் முன் இவனோடு சண்டையாகித் தற்கொலை செய்துகொண்ட மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். பயந்துபோய் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியும் விடுகிறான். திரும்பவும் வந்து நிற்கிறாள். செத்தாலும் முடியாத சண்டை. “கடல்தான் முக்கியம், காதல் இல்லை என்று லெம்மே அதைப் படமாக எடுத்தவர்களோடு சண்டை போட்டாரே” என்று யாராவது கிளம்புவீர்கள். தெரியும். படத்தைப் பற்றி அவர் சொன்னது அது. நாவலில் அந்தப் பெண்ணை எழுதி வைத்தது யார்? கடலா?

உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய நாவலில் ஒருவரையொருவர் நம்பாத இருவர் ஏறக்குறைய எண்பது நாள் பனிப்பாழைக் கடக்கிறார்கள், ஒரே கூடாரத்தில். அதற்கு அறிவியல் கதைகளுக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் கொடுத்தார்கள். “கூடாரத்தில் குடும்பச் சண்டை” என்று அங்கே யாரும் சிரித்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் சீன எழுத்தாளர் லியூ சிசின். அவருடைய த்ரீ பாடி ப்ராப்ளம் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு நம் ஊரில் எல்லோரும் இயற்பியல் பேசினார்கள். அண்ணனும் பேசினார், நான் கேட்டேன். அந்தக் கதை எங்கே தொடங்குகிறது? 1967, கலாசாரப் புரட்சி. யே வென்ஜியே கண் முன்னால் அவள் அப்பாவை மேடையில் வைத்து அடித்துக் கொல்கிறார்கள். அதே மேடையில் அவள் அம்மா நின்று கணவனைக் குற்றம் சாட்டுகிறாள். பிறகு நம்பிய ஒரு நண்பன் காட்டிக்கொடுக்கிறான். வருடங்கள் கழித்து வேறு உலகத்திலிருந்து, பதில் போடாதே, போட்டால் உங்கள் உலகம் போய்விடும் என்று ஒரு செய்தி வரும்போது, பதில் போடுகிறாள். நாலு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து ஒரு படையே கிளம்புகிறது. அம்மா, மகள், ஒரு மேடை. இதற்கும் சிரிக்கலாமே?

சரி, என் கதைக்கு வருகிறேன். மாமியார் மருமகள் சண்டை என்று சொல்லிவிட்டார் அல்லவா, அதையே சொல்கிறேன்.

2020 மார்ச் 18. கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீடு 700 சதுர அடி, மூன்று அறை. நான், என் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள், கொழுந்தனார், அத்தை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வேலை இல்லாமல் கை துறுதுறுத்து, அத்தையின் தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுக் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டேன். ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவர் தூக்கி வந்த கல். முப்பது வருடம் எண்ணெய் குடித்துப் பழகிய கல். தேய்த்தவளுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கொஞ்சம் தெரிந்துதான் தேய்த்தேன், இப்போது சொல்வதில் என்ன.

சாதாரண நாளாக இருந்தால் அத்தை பையை எடுத்துக்கொண்டு காஜாங்கில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு வாரம் கழித்து முறுக்கோடு வருவார், விஷயம் முடிந்திருக்கும். அப்போதோ சாலையெல்லாம் தடுப்பு. குடும்பத் தலைவர் மட்டும் 10 கிலோமீட்டருக்குள் போய்ச் சாமான் வாங்கலாம். அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பதினோரு எட்டு. அவ்வளவுதான் எங்கள் பிரபஞ்சம். பத்தொன்பது நாள் அத்தை என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். சுர்ர் என்ற சத்தம் ஒவ்வொரு அறைக்கும் கேட்கும். அதைவிட நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம். இருபதாம் நாள் மாவு ஊற்றினார். முதல் தோசை ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. மூன்றாவது முழுதாக எழும்பி வந்தது. அதை யார் தட்டில் போட்டார் என்று எழுதினால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் இன்னொரு பஞ்சாயத்து.

நாங்கள் பைத்தியம் இல்லை. மாஸ்கோவில் ஆறு பேரை 520 நாள் ஒரு போலி விண்கலத்தில் அடைத்து வைத்தார்கள், 2010, 2011-ல், செவ்வாய்க்குப் போவது போல ஓர் ஒத்திகை. பதிவான சண்டைச் சச்சரவுகளில் 85 விழுக்காடு இரண்டே பேர் கணக்கில். எந்த வீட்டிலும் அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டால் மற்றவர்கள் உடனே கை காட்டுவார்கள். எங்கள் வீட்டில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1982-ல் சோவியத்தின் சல்யூட் விண்வெளி நிலையத்தில் 211 நாள் இருந்த லெபெதேவ் தன் எரிச்சலை எல்லாம் நாட்குறிப்பில் கொட்டி, பிறகு புத்தகமாகவே போட்டார். நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் 2007-ல் போனபோது நினைவிருக்கிறதா? எந்தத் திசை பார்த்துத் தொழுவது, நோன்பை எப்படி வைப்பது என்று இங்கே வழிகாட்டி நூலே தயாரித்தார்கள். ராக்கெட் எப்படிப் பறக்கும் என்பது ரஷ்யர்கள் பாடு. மேலே போனவன் எப்படி மனுஷனாக இருப்பான் என்பதுதான் நம் கவலையாக இருந்தது.

இப்போது ஆளாளுக்கு வரும் கேள்விகள்.

“அப்போ எட்டு மணி சீரியலை நிலாவில் எடுத்தால் அறிவியல் கதையா?” நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த இயந்திரத்தை எடுத்துவிட்டாலும் சண்டை அப்படியே நிற்கிறது என்றால் அது அறிவியல் கதை இல்லை. என் தோசைக்கல் கதை அறிவியல் கதை இல்லை. அங்கே கதவைப் பூட்டியது அரசாங்கம். ஆனால் அந்த அக்கா தங்கை கதையில் தண்ணீர்ப் பையை எடுத்துவிட்டுப் படியுங்கள், முதுகெலும்பே போய்விடும்.

“ஆர்தர் கிளார்க்கின் ராமா நாவலில் என்ன சண்டை இருக்கிறது?” இது அண்ணனின் பழைய ஆயுதம். 1973-ல் வந்தது, வேற்றுலகத்திலிருந்து வரும் 50 கிலோமீட்டர் நீள உருளைக் கலம், உள்ளே வளைந்து கிடக்கும் கடல், எனக்கும் பிடித்த புத்தகம். ஆனால் அதில் வரும் மனிதர்களில் மூன்று பேர் பெயரை இப்போதே, புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். தவிர, அதிலும் புதன் கிரகத்துக்காரர்கள் பயத்தில் குண்டு அனுப்புகிறார்களே. அது என்ன, அறிவியல் கண்காட்சியா?

“சுஜாதா இப்படியா எழுதினார்?” இப்படித்தான் எழுதினார். என் இனிய இயந்திராவில் கணவன் காணாமல் போகிறான், நிலா தேடுகிறாள், வீட்டுக்குள் அந்நியர்கள் வந்து உட்காருகிறார்கள். உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது எதிர்த்துப் பேசும் அந்த இயந்திர நாய்க்குட்டி ஜீனோ. அதன் மின்சுற்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

“உனக்கு வேண்டிய பெண் என்பதால் பேசுகிறாய்.” ஆமாம். வேண்டாதவர்களுக்காக யார் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து இவ்வளவு எழுதுவார்கள்?

உண்மையில் எனக்கு உறுத்துவது வேறு. ஆண்கள் இருவர் விண்கலத்தில் அடித்துக்கொண்டால் தத்துவம். அதிகாரம், மானுடம் என்று கட்டுரை எழுதுவீர்கள். பெண்கள் இருவர் பேசாமல் இருந்தால் மட்டும் அடுப்படி வந்துவிடுகிறது. இந்த வகை எழுத்துக்கே தாய் என்று பலர் சொல்லும் ஃபிராங்கன்ஸ்டைன் 1818-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வந்தது. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு 18 வயது. அவர் கணவர்தான் எழுதியிருப்பார் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த நாவல் என்ன? பெற்றவன் திரும்பிப் பார்க்காத பிள்ளை, துரத்தித் துரத்தி ஏன் என்னை விட்டுப் போனாய் என்று கேட்கும் கதை. அப்பா பிள்ளைச் சண்டை. அதை யாரும் சீரியல் என்று சொல்வதில்லை. ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்.

2009-ல் நானும் ஒன்று எழுதினேன். மகன் நிலவில் வேலை பார்க்கிறான், அம்மா தோட்டத்தில் லயன் வீட்டில். பேச்சு அங்கே போய்ச் சேர 1.3 விநாடி, திரும்பி வர 1.3 விநாடி. இவள் ஒன்று கேட்டால் பதில் வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியை அவள் மகனின் கோபம் என்று நினைத்துக்கொள்கிறாள். அவனும் அப்படியே. முழுக்கதையும் அந்த இரண்டரை விநாடிதான். ஒரு போட்டிக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியின் மேல் ஓரத்தில் பென்சிலால், “நல்ல குடும்பக் கதை. அறிவியல் போதவில்லை.” யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அதற்கப்புறம் நான் நிலாப் பக்கமே போகவில்லை. தோட்டம், பால்மரம், ஆயாக் கொட்டகை என்று எழுதினேன். பாராட்டினார்கள்.

அதனால் இந்தப் பதிவை அண்ணனுக்கு எதிரானது என்று நினைத்துப் பகிர வேண்டாம். அந்தக் காணொளியில் முப்பத்தோராவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். மூன்றாவது வரிசை, இடது ஓரம், பச்சைச் சேலை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சும்மா மரியாதைச் சிரிப்பு இல்லை. பல் தெரிய.

தங்கச்சி, இதை நீ பார்ப்பாய் என்று தெரியும். நீ கொடுத்த பதினாலு பக்கமும் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோம், அண்ணன் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது அதை அவர் முன்னால் கையில் எடுக்கக் கூச்சமாக இருந்தது. மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்க் கேட்டேன். இலையோடு சேர்த்துக் குப்பையில் போட்டாச்சு அக்கா என்றார் கடைத் தம்பி.

கடைசிப் பக்கத்தில் தங்கை அந்தப் பையை வாயருகே கொண்டுபோய் நிறுத்துகிறாளே, அந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். அனுப்பு.