தேர்வெல்லாம் எழுதி முடித்தவர்களுக்கும் ஒரு நாள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமையில், தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. கட்டணம் கிடையாது. கைக்குழந்தை முதல் கைத்தடி ஊன்றியவர் வரை யாரும் போகலாம். அன்றைக்கு அந்த வளாகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது: “நன்றாகப் பார்த்துக்கொள், நீ இங்கேதான் படிக்க வேண்டும்.” தமிழிலும் கேட்கிறது, கன்னடத்திலும் இந்தியிலும் கேட்கிறது. எனக்கு எரிச்சல் தாங்குவதில்லை.

சோளமாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து ஒரு தொட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். அதன்மேல் வேகமாக ஓடினால் கால் புதையாது, நின்றால் புதைந்துவிடும். இதைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற ஒன்பது வயதுப் பையன் “ஏன்?” என்று கேட்கப் போகும் நேரத்தில் அப்பா நுழைவுத் தேர்வை இழுக்கிறார். பையனின் முகம் அங்கேயே சுருங்கிவிடுகிறது. பிறகு ஒரு செல்ஃபி. அடுத்த கூடம்.

என்னைக் கேட்டால், இந்த நாளுக்கு முதலில் அழைத்துப் போக வேண்டியவர்கள் இனி எந்தத் தேர்வும் எழுத வேண்டியிராதவர்கள். அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள்.

உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டுவார்கள். காதைப் பிளக்கிற சத்தம், கண் கூசுகிற வெளிச்சம். பிள்ளைகளுக்கு அது பட்டாசுக்குச் சமம், கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வயற்காட்டில் வாழ்ந்த ஒரு பாட்டிக்கு அப்படியல்ல. ஆடு மேய்க்கப் போனவர் புளியமரத்தடியில் ஒதுங்கி, இடி விழுந்து இறந்த கதை அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள், திறந்தவெளியில் வேலை செய்கிறவர்கள். உலோகக் கூண்டின்மேல் மின்னல் பாய்ந்தாலும் மின்சாரம் வெளிப்பரப்போடு ஓடித் தரையில் இறங்கிவிடும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னால், அவர் அடுத்து என்ன கேட்பார்? “அப்படியானால் காருக்குள் இருந்தால் தப்பிக்கலாமா?” தப்பிக்கலாம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால். வெளிச்சத்துக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே மூன்று நொடி போனால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஊருக்குத் திரும்பியதும் பத்துப் பேருக்கு அதைச் சொல்லப் போகிறவர் அந்தப் பாட்டிதான்.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துகிற உழவர் தின விழாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே வருகிற விவசாயி யாரையும் அண்ணாந்து பார்ப்பதில்லை. “உங்கள் கோ 51 நெல் ரகம் எங்கள் மண்ணுக்குச் சரிப்படுமா?” என்று நேருக்கு நேர் கேட்கிறார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் விஞ்ஞானியை விடுவதும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் போகிற குடிமகனின் நடை அப்படித்தான் இருக்க வேண்டும்.

பெங்களூரிலும் அந்த உரிமை பழையதுதான். ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்டார். 1904-இல் காலமானார், கட்டடத்தைப் பார்க்கவில்லை. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-இல் கழகம் பிறந்தது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அதை டாடா இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அது ஓடுவது பெரும்பாலும் நம் வரிப்பணத்தில். ஆகவே அங்கே போவது விருந்தாளியாக அல்ல, கணக்குக் கேட்கிற பங்காளியாக.

ஆய்வு மாணவர்களுக்கும் அன்று நல்ல பாடம் கிடைக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் கலைச்சொற்களை அடுக்கித் தப்பித்துவிடலாம். “இதனால் என்ன பயன், தம்பி?” என்று கேட்கிற பெரியவரிடம் அது நடக்காது. சிலர் திணறுகிறார்கள், சிலர் பிரமாதமாகச் சொல்கிறார்கள். திணறுகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், யோசிக்கிறார்கள் என்று தெரிகிறது.

சென்னை ஐஐடியும் 2025 ஜனவரியில் பொதுமக்களுக்கு இப்படிக் கதவைத் திறந்தது. மகிழ்ச்சி. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எப்போது? தாவரவியல் துறை, தொல்லியல் துறை, கடல் உயிரியல் துறை என்று காட்டுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்குப் போடுகிற பந்தலை மறுநாளும் விட்டுவைத்தாலே பாதி ஏற்பாடு முடிந்துவிடும்.

பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். மின்னல் கூடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நேரம் ஆக ஆக வரிசை நீளும். எல்லாத் துறையையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், முழங்கால் ஒத்துழைக்காது. இரண்டு மூன்று போதும். விளக்குகிற மாணவர்களில் தமிழ் பேசுகிறவர் யாராவது இருப்பார். விசாரித்து, அவரிடமே கேளுங்கள்.