கெல்டிக் முடிச்சு டாட்டூ: அந்தப் போர்வீரர் கதை உண்மையா?

"2,500 வருஷத்துக்கு முன்னாடி கெல்டிக் வீரர்கள் உடம்பில் குத்திக்கொண்ட முடிச்சு இது, ஒவ்வொரு பின்னலுக்கும் ட்ரூயிட் பூசாரிகள் ரகசிய அர்த்தம் வைத்திருந்தார்கள்" என்று ஒரு படம் சுற்றுகிறது. தப்பு.

அந்தக் காலத்துக் கெல்டிக் (பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் இனக்குழுக்களின்) உலோக வேலைப்பாடுகளில் தெரிவது சுழிகளும் கொடி போல வளைந்தோடும் கோடுகளும்தான். முனையே தெரியாமல் ஒரு இழை மேலேயும் கீழேயுமாக மாறி மாறி நுழைந்து போகிற அந்தப் பின்னல் அயர்லாந்து, பிரிட்டன் பக்கம் செழித்ததே கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்துதான், அதுவும் கிறிஸ்தவத் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய நற்செய்தி நூல்களில். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நூல் (சுமார் கி.பி. 800) பக்கத்துக்குப் பக்கம் இதுதான்.

சரி, பச்சை குத்தவே இல்லையா? பிரித்தானியர்கள் உடம்பை நீலமாக்கிக்கொண்டார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர். பின்னாளில் ஹெரோடியன் என்ற ரோமானியக் கால வரலாற்றாசிரியர், அவர்கள் குத்திக்கொண்ட விலங்கு உருவங்களைச் சொல்கிறார். முடிச்சு பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை.

பாட்டி ஐரிஷ்காரி என்பதற்காகவோ, மூன்று பிள்ளைகளுக்காக மும்முடிச்சோ குத்திக்கொள்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, அந்த அர்த்தம் அவர்களுடையது. அப்புறம், "கெல்டிக் முச்சுழி" என்று விற்கிறார்களே, அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையில் உள்ள அந்தச் செதுக்கல் சுமார் கி.மு. 3200, கெல்டிக் கலை பிறப்பதற்கு ரொம்ப முந்தியது.