டைரக்டர் ஆகாத வசனகர்த்தா

நம்மூரில் ஒருவர் நாலு படத்துக்கு நன்றாக வசனம் எழுதிவிட்டால் போதும், "எப்ப சார் டைரக்‌ஷன்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். ஸ்ரீதர், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன், பாலசந்தர், பாக்யராஜ் என எழுத்து வழியாக வந்து இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வரிசை பெரிது. தெலுங்கிலும் அதே கதைதான். சங்கராபரணத்துக்கு வசனம் எழுதிய ஜந்தியாலா அடுத்த வருஷமே இயக்குநர். த்ரிவிக்ரமும் அப்படித்தான். எழுதியது ஒன்று, திரையில் வருவது வேறொன்று என்று ஆகும்போது, எழுதியவனுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தெலுங்கு வசனகர்த்தா முள்ளபூடி வெங்கடரமணாவுக்கு அந்த எரிச்சல் வரவில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து 2011இல் சாகும்வரை எழுதினார், சில படங்களைத் தயாரிக்கவும் செய்தார், ஆனால் ஒரு படம்கூட இயக்கவில்லை. இயக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது, இயக்கியவர் பள்ளிக்கூட நண்பர் பாபு என்பதால். தெலுங்கர்கள் இருவரையும் பிரித்துச் சொல்வதில்லை, 'பாபு-ரமணா' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அதிலும் ஒரு அநியாயம் உண்டு. பாபுவுக்குத் தூரிகை இருந்தது. அவர் வரைந்த பெண்களின் கண்ணையும் பின்னலையும் பார்த்தே வெளியூர்க்காரனும் அடையாளம் கண்டுகொள்வான். ரமணாவை அறிய தெலுங்கு தெரியவேண்டும். அதனால் பாதிப்பேர் பாபுவை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

ரமணா பிறந்தது 1931இல், கோதாவரிக் கரையில், தவளேஸ்வரத்தில். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, அம்மா பிள்ளைகளோடு மதராஸுக்கு வந்தார். மயிலாப்பூர் பி.எஸ். ஹைஸ்கூலில் படிப்பு. பாபுவின் நட்பு கிடைத்தது அந்தப் பள்ளிக்கூட நாட்களில்தான். பிற்பாடு பாபு சட்டம் படித்தார். ரமணாவுக்குக் கல்லூரி வாய்க்கவில்லை, நேரே வேலைக்குப் போனார். ஆந்திர பத்ரிகையில் உதவி ஆசிரியர் வேலை. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய பத்திரிகை அது. லஸ்ஸில் காலையில் நடைப்பயிற்சி போகிறோமே, அந்த நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் இருப்பதுதான். அந்த நாளில் தெலுங்குப் பத்திரிகை, தெலுங்கு சினிமா, தெலுங்கு இலக்கியச் சண்டை எல்லாமே சென்னையில்தான் நடந்தன. நாம்தான் அதைச் சென்னையின் வரலாற்றில் சேர்ப்பதே இல்லை.

பத்திரிகையில் இருந்தபோது பிறந்தவன் 'புடுகு'. பொடியன் ஒருவன் தன் வாயாலேயே பெரியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவான். வீட்டில் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, அப்பாவைக் கோபாலம் என்பான், அம்மாவை ராதா என்பான். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அவன் கணக்கில் பெயரே கிடையாது. 'பக்கத்து வீட்டு குண்டுச் சித்தியோட வீட்டுக்காரர்' என்றுதான் எப்போதும், முழு நீளத்துக்கும். இன்னொருத்தி 'ரெட்டை ஜடை சீதா'. குழந்தைக்கு உலகம் அப்படித்தானே தெரியும்? குழந்தை மாதிரி எழுதுகிறேன் என்று கொஞ்சிக் கொஞ்சி எழுதுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும். புடுகு கொஞ்சவே மாட்டான், வாதாடுவான். கடன் வாங்கியே காலம் தள்ளும் அப்பாராவ் என்ற ஆசாமியை வைத்து 'ருணானந்த லஹரி' என்று ஒரு கதை வரிசையும் எழுதினார். கடன் கேட்க வருகிறவனின் முகம், கேட்கப்படுகிறவன் முகம் இரண்டையும் பசி தெரிந்தவன்தான் அப்படிச் சிரித்துக்கொண்டே எழுத முடியும்.

இப்படிப்பட்ட நகைச்சுவைக்காரருக்குத் தொடக்கத்திலேயே கிடைத்த பெரிய படம் என்ன தெரியுமா? நம்ம பாசமலர்! அதன் தெலுங்கு வடிவமான ரக்த சம்பந்தம் (1962). என்.டி.ஆர். அண்ணன், சாவித்திரி தங்கை. தமிழில் வசனம் ஆரூர்தாஸ், தெலுங்கில் ரமணா. இருவரும் பிறந்தது ஒரே வருஷம், 1931. சிரிப்பு எழுதுகிற ஆளை அழுகைப் படத்துக்குக் கூப்பிட்ட தயாரிப்பாளரின் துணிச்சலை மெச்சவேண்டும். பிறகு தெலுங்குப் பாடலாசிரியரும் வசனகர்த்தாவுமான ஆத்ரேயாவோடு சேர்ந்து மூக மனசுலு (1964). சாவித்திரி தமிழில் பிராப்தம் என்று எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டாரே, அதன் மூலப்படம்.

1967இல் பாபு இயக்குநரானார். படம் சாக்ஷி, ரமணாவின் சிறுகதை. கோதாவரிப் பக்கத்து ஊர் ஒன்றில் பரிசல் தள்ளுகிற ஒருவன் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான், போய்ச் சாட்சியும் சொல்லிவிடுகிறான். கொலைகாரன் திரும்பி வருகிறான் என்றதும் ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொள்கிறது. கிருஷ்ணா, விஜயநிர்மலா நடித்தார்கள். ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுத்த காலத்தில் நேரே கிராமத்துக்குப் போய் எடுத்த படம். உண்மை பேசினவனைக் கொலைகாரன் என்ன செய்வான் என்பதைவிட ஊர்க்காரன் என்ன செய்வான் என்பதில்தான் ரமணாவுக்கு அக்கறை.

அவர் எழுத்தின் உச்சம் என்று நான் நினைப்பது முத்யால முக்கு (1975). பணக்கார வீட்டு மருமகளாக வந்த ஏழைப் பெண்மேல் சூழ்ச்சி செய்து களங்கம் சுமத்துகிறார்கள். புருஷன் நம்பிவிடுகிறான், கர்ப்பிணியை விட்டுவிடுகிறான். கடைசியில் குழந்தைகள் சேர்த்துவைக்கிறார்கள். உத்தர ராமாயணம்தான், வேட்டி சட்டை போட்ட உத்தர ராமாயணம். ஆனால் ஜனங்கள் நினைவில் நின்றது நாயகனோ நாயகியோ இல்லை, ராவ் கோபால் ராவ் செய்த கான்ட்ராக்டர். காலையில் கிழக்கே சூரியன் சிவந்து வருவதைப் பார்த்து ரசிக்கிறான். அவனுக்கு அது ரத்தக்கட்டியாகத் தெரிகிறது, வானத்தில் கொலை நடந்த மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தில் இருப்பவனிடம் சிலாகிக்கிறான். மனுஷன் என்றால் கொஞ்சமாவது கலாரசனை வேண்டும், சும்மா தின்றுவிட்டுத் தூங்கினால் மாட்டுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்கிறான். அதுவும் சாந்தமாக, கோதாவரி மாவட்டத்து இழுவையில். மேஜையைக் குத்திக் கத்துகிற வில்லன்களையே பார்த்துப் பழகியிருந்த ஜனங்களுக்கு இந்த ஆள் புதுசு. கலாரசனைக்கு அவன் சொல்லும் வார்த்தை 'கலாபோஷணை'. ஆந்திராவில் இன்றைக்கும் டீக்கடையில் அப்படி ஆரம்பித்தால் யாராவது முடித்துவைப்பார்கள்.

இந்த வசனத்தை வேறொரு இயக்குநர் கையில் கொடுத்திருந்தால், நம்ம வில்லன் நடிகருக்கு இது பொருந்துமா, இரண்டு வரி மிரட்டல் சேர்க்கலாமா என்று பேச்சு போயிருக்கும். பாபுவோ காட்சி காட்சியாகப் படம் வரைந்துவைத்துக்கொண்டு ஷூட்டிங் போகிறவர். ரமணா எழுதினதை முதலில் கோடாகப் பார்த்துவிடுவார். கோடு சொல்லிவிடும் விஷயத்தை வசனம் திரும்பச் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரமணாவுக்குச் சீதை விடாத மோகம். சம்பூர்ண ராமாயணம், சீதா கல்யாணம் எல்லாம் நேரடிப் புராணம், அது சரி. ஆனால் சமூகப் படங்களிலும் அந்தப் பொறுமைசாலிப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். முத்யால முக்கில் அந்தப் புருஷனுக்கு மன்னிப்பு ரொம்ப மலிவாகக் கிடைத்துவிடுகிறது. வில்லனுக்கு அத்தனை வசனம் கொடுத்த கை, நாயகி லட்சுமிக்கு ஒரே ஒரு கோபமான வசனம் கொடுத்திருக்கலாம். 1993இல் வந்த மிஸ்டர் பெள்ளாம் கொஞ்சம் ஈடுகட்டியது. அதில் மனைவி வேலைக்குப் போகிறாள், ஆண் வீட்டைப் பார்த்துக்கொண்டு பொருமுகிறான். அந்தப் பொருமலை ரமணா விட்டுவைக்காமல் கிண்டல் செய்திருப்பார். தேசிய விருதும் கிடைத்தது.

இருவர் குடும்பமும் சென்னையில் ஒரே வீட்டில் இருந்தன. தெலுங்கு சினிமா ஹைதராபாத்துக்கு மூட்டை கட்டிய பிறகும் இவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். வயதான காலத்தில் ஸ்வாதி வார இதழில் 'கோதி கொம்மச்சி' என்று தன் கதையை எழுதினார். வருஷ வரிசை கிடையாது, ஒரு நினைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போவார், நடுவில் பட்ட கஷ்டத்தையெல்லாம் அடுத்தவன் கஷ்டம் மாதிரி நக்கலடிப்பார்.

கடைசியாக எழுதியதும் சீதை கதைதான். ஸ்ரீராம ராஜ்யம். பாலகிருஷ்ணா ராமர், நயன்தாரா சீதை, இசை நம்ம இளையராஜா. 2011 பிப்ரவரி 24ஆம் தேதி ரமணா காலமானார், படம் நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு பாபு படம் எதுவும் இயக்கவில்லை, 2014இல் அவரும் போய்விட்டார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முத்யால முக்கில் தொடங்குங்கள். ராவ் கோபால் ராவ் வரும் இடங்களில் மட்டுமாவது தெலுங்கு தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.